ஆங்கில வினையும் அதை ஒட்டி வரும் சிறுசொல்லும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பது என் அன்றாட வேலை. அந்த வேலையில் எனக்கு அடிக்கடி எதிர்ப்படும் பிழை 'டு', 'ஃபார்', 'ஆன்', 'வித்' போன்ற முன்னிடைச்சொற்களில், அதாவது பள்ளியில் ப்ரிபொசிஷன் என்று படித்தவற்றில், இருக்கிறது. 'ஆன் தி டேபிள்' என்பது போல இடத்தைச் சுட்டும்போது பெரும்பாலோர் தவறுவதில்லை. ஒரு வினை தனக்கென்று ஒரு முன்னிடைச்சொல்லைக் கேட்கும்போது, அல்லது எதுவுமே வேண்டாம் என்று நிற்கும்போதுதான் தவறுகிறார்கள். தமிழ் வினை எந்த உருபைக் கேட்குமோ அதையே மொழிபெயர்த்து ஆங்கில வினையின் தலையில் கட்டிவிடுகிறோம். அது சில சமயம் பொருந்துகிறது, பல சமயம் பொருந்துவதில்லை.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். பெரும்பாலும் ஒவ்வொரு தலைப்பிலும் எளிதில் சரியாகிவிடும் காரணம் முதலிலும், கூடுதலாக யோசிக்க வேண்டிய காரணம் கடைசியிலும் இருக்கும்.

அறிகுறி 1: வினைக்குப் பின் வேண்டாத ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது

'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ளான்', 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் மோர் டைம்', 'ஷி மேரிட் வித் ஹிம்', 'வி ரீச்ட் டு தி ஸ்டேஷன்' என்ற நான்கையும் நான் எத்தனை முறை திருத்தியிருக்கிறேன் என்று எண்ணவே முடியாது.

காரணம் அ: தமிழ் உருபு அப்படியே குடியேறியிருக்கிறது. திட்டத்தைப் பற்றி விவாதித்தோம் என்பதில் உள்ள 'பற்றி' அங்கே 'அபவுட்' ஆகிவிட்டது. நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதில் உள்ள 'கு' உருபு 'டு' ஆகிவிட்டது. இதற்கு மருந்து நீக்கல் மட்டுமே. 'வி டிஸ்கஸ்ட் தி ப்ளான்', 'வி ரீச்ட் தி ஸ்டேஷன்' என்று எழுதினால் போதும். 'அப்ரோச்', 'கான்டாக்ட்', 'ரிசெம்பிள்', 'அக்கம்பனி', 'எம்ஃபசைஸ்' ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்த வினைகள்.

காரணம் ஆ: அதே சொல்லின் பெயர் வடிவம் முன்னிடைச்சொல்லைக் கேட்கிறது, அந்தப் பழக்கம் வினைக்கும் தொற்றிக்கொண்டது. 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ளான்' என்பது சரி; 'எ ரிக்வெஸ்ட் ஃபார் மோர் டைம்' என்பதும் சரி; 'அன் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' என்பதும் சரி. இவை எல்லாம் பெயர்கள். ஆகவே சோதனை இதுதான்: சந்தேகத்துக்குரிய சொல்லுக்கு முன்னால் 'எ' அல்லது 'தி' இருக்கிறதா, அல்லது போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பெயர், முன்னிடைச்சொல் நிற்கட்டும். அதற்கு முன் 'ஐ', 'வி', 'ஷி' என்று செய்பவர் நின்றால் அது வினை, முன்னிடைச்சொல்லை எடுத்துவிடுங்கள். 'ரிக்வெஸ்ட்' என்ற சொல்லுக்குப் பெயரும் வினையும் ஒரே வடிவம் என்பதால்தான் அது இவ்வளவு தொல்லை தருகிறது.

'மேரி' என்ற வினைக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு உண்டு. நிகழ்ச்சியைச் சொல்லும்போது 'ஷி மேரிட் ஹிம்' என்று முன்னிடைச்சொல் இல்லாமல் வரும். நிலையைச் சொல்லும்போது 'ஷி இஸ் மேரிட் டு ஹிம்' என்று 'டு' வரும். இரண்டிலும் 'வித்' வராது.

காரணம் இ: முன்னிடைச்சொல் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். இங்கே அவசரப்பட்டு நீக்குவது தவறு. அறைக்குள் நுழைவது 'என்டர் தி ரூம்'. ஒப்பந்தம் செய்துகொள்வது 'என்டர் இன்டு அன் அக்ரீமென்ட்'. கூட்டத்தில் கலந்துகொள்வது 'அட்டெண்ட் தி மீட்டிங்'. ஒருவரையோ ஒரு வேலையையோ கவனித்துக்கொள்வது 'அட்டெண்ட் டு'. நீக்குவதற்கு முன் அந்த வினையைக் கற்போர் அகராதியில் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். பொது அகராதி பொருளைச் சொல்லும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கான அகராதி, வினையோடு எந்தச் சொல் சேரும் என்பதையும் தடித்த எழுத்தில் காட்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் நண்பர்களுடன் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியே வினைகளை இப்படி அமைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டியது. இன்றைய கற்போர் அகராதிகள் அந்த வழியில் வந்தவை.

அறிகுறி 2: வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை

'ஐ லிசன் மியூசிக்', 'ப்ளீஸ் வெயிட் மீ', 'ஐ வில் ரிப்ளை யூ' போன்ற வாக்கியங்களில் தமிழின் 'கேட்கிறேன்' பாட்டை நேரே செயப்படுபொருளாக எடுத்துக்கொள்வதால், ஆங்கில வினையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று கை எழுதிவிடுகிறது. 'லிசன் டு', 'வெயிட் ஃபார்', 'ரிப்ளை டு' என்று வினையையும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சற்று ஆழமான காரணம் ஒன்று உண்டு. 'எக்ஸ்ப்ளெயின் மீ தி ரூல்', 'சஜஸ்ட் மீ எ குட் மெத்தட்' என்பவை இந்த வகை. 'கிவ் மீ', 'ஷோ மீ', 'டெல் மீ', 'சென்ட் மீ' என்பவை சரியாக இருக்கும்போது இவை ஏன் கூடாது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. கொடு, காட்டு, அனுப்பு, சொல் என்னும் பொருளுடைய அந்தச் சில வினைகள் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜஸ்ட்', 'மென்ஷன்', 'அனவுன்ஸ்', 'இன்ட்ரொட்யூஸ்', 'சே' ஆகியவை ஏற்காது. அவற்றில் பொருள் முதலில் வர வேண்டும், ஆள் 'டு' போட்டுப் பின்னால் வர வேண்டும்: 'எக்ஸ்ப்ளெயின் தி ரூல் டு மீ'. 'சஜஸ்ட்' வினையில் பெரும்பாலும் ஆளையே விட்டுவிடலாம். 'கேன் யூ சஜஸ்ட் எ குட் மெத்தட்' என்றாலே யாருக்காகக் கேட்கிறோம் என்பது விளங்கிவிடும்.

அறிகுறி 3: 'டு' சரியாக இருக்கிறது, அடுத்த வினையின் வடிவம் உறுத்துகிறது

'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.' வேலைக்கான விண்ணப்பக் கடிதம் பத்து வந்தால் அவற்றில் சிலவற்றின் கடைசி வரி இதுவாகத்தான் இருக்கும். கடிதம் முழுவதும் ஒழுங்காக எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியில் தடுக்கி விழுவது பார்ப்பதற்கே வருத்தமாக இருக்கும். அது 'டு மீட்டிங் யூ' என்றுதான் இருக்க வேண்டும்.

காரணம் அ: உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதில் உள்ள 'சந்திக்க' என்னும் செய எச்சம் நம் மனத்தில் 'டு மீட்' ஆகவே பதிந்திருக்கிறது. போக விரும்புகிறேன் என்பது 'வாண்ட் டு கோ' என்று பொருந்திவிட்டதால், எல்லாச் 'செய'வுக்கும் அதே அச்சை எடுக்கிறோம்.

காரணம் ஆ: ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை செய்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. 'வாண்ட் டு கோ' என்பதில் உள்ள 'டு' அடுத்து வரும் வினையின் முன்னொட்டு போன்றது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' உண்மையான முன்னிடைச்சொல். அதன் பின் பெயர்தான் வரலாம், வினை வந்தால் அது '-இங்' போட்டுக்கொண்டு பெயராக மாறித்தான் வர வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்தறியும் சோதனை ஒரு நிமிடம்கூட எடுக்காது. 'டு'வுக்குப் பின் உள்ள அனைத்தையும் மறைத்துவிட்டு 'இட்' என்று மட்டும் வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' என்பது முழு வாக்கியமாக நிற்கிறது. ஆகவே '-இங்' வேண்டும். 'ஐ வாண்ட் டு இட்' நிற்கவில்லை. ஆகவே வெறும் வினை. 'ஐ அப்ஜெக்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'அப்ஜெக்ட் டு பேயிங்'. 'ஷி கன்ஃபெஸ்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'கன்ஃபெஸ்ட் டு டேக்கிங்'. 'ஐ ஹோப் டு இட்' நிற்கவில்லை, ஆகவே 'ஹோப் டு கோ'.

சோதனை ஏமாற்றும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'அக்ரீ டு இட்' என்பதும் சரி, 'அக்ரீ டு மீட்' என்பதும் சரி. 'கன்சென்ட் டு' என்பதும் அப்படியே. இந்த இரண்டு வினைகளிலும் 'டு' இரண்டு வேலைக்கும் வரும்; அங்கே வெறும் வினையையே எழுதுங்கள்.

காரணம் இ, சற்றுச் செலவு பிடிப்பது: 'யூஸ்ட் டு' குழப்பம். 'ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்' என்றால் முன்பு இரவில் வேலை செய்தேன், இப்போது இல்லை என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்' என்றால் இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். இங்கே வடிவத்தை மட்டும் திருத்தினால் போதாது. எழுதியவர் எதைச் சொல்ல வந்தார் என்று தெரியாமல் திருத்தவே முடியாது. நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் இரவு வேலை பழக்கம் என்று சொல்ல நினைத்து 'ஐ யூஸ்ட் டு' என்று தொடங்கினால், அதை விட்டுவிட்டேன் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். சோதனை: ஆளைப் பற்றிய வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு முன் 'ஆம்', 'இஸ்', 'வாஸ்', 'காட்' ஏதாவது இருந்தால் பழக்கம், '-இங்' வேண்டும்; எதுவும் இல்லையென்றால் பழைய கதை, வெறும் வினை.

கிளை: 'டு' அல்லாத மற்ற முன்னிடைச்சொற்கள்

இங்கே சோதனையே தேவையில்லை. 'ஆன்', 'இன்', 'ஃப்ரம்', 'ஆஃப்', 'ஃபார்', 'அட்' ஆகியவற்றின் பின் வினை வந்தால் எப்போதும் '-இங்'தான். போகவிடாமல் தடுத்தார் என்பதை 'ப்ரிவென்டட் மீ டு கோ' என்று எழுதுபவர்கள் 'ப்ரிவென்டட் மீ ஃப்ரம் கோயிங்' என்று மாற்ற வேண்டும். 'இன்சிஸ்ட் ஆன் பேயிங்', 'சக்சீட் இன் ஃபைண்டிங்', 'அபாலஜைஸ் ஃபார் பீயிங் லேட்' என்பவையும் இதே வரிசை.

அறிகுறி 4: வாக்கியத்தின் கடைசியில் இருக்க வேண்டியது காணாமல் போயிருக்கிறது

பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமும் நான் காணும் பிழை இது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கே நெடுநாள் ஆயிற்று. 'திஸ் இஸ் தி பென் ஐ ரோட்.' 'ஷி இஸ் தி ஆஃபிசர் ஐ ஸ்போக்.' 'தட் இஸ் தி ஹவுஸ் ஐ லிவ்.' மூன்றும் குறைபட்ட வாக்கியங்கள். முதலாவது, பேனாவையே எழுதினேன் என்று பொருள் தருகிறது.

காரணம் அ: தமிழின் பெயரெச்சத்தில் உருபு கரைந்துவிடும். பேனாவால் எழுதினேன், அதிகாரியிடம் பேசினேன், வீட்டில் வசிக்கிறேன் என்று தனித்தனியாகச் சொல்லும்போது 'ஆல்', 'இடம்', 'இல்' ஆகிய மூன்றும் தெளிவாக நிற்கின்றன. நான் எழுதிய பேனா, நான் பேசிய அதிகாரி, நான் வசிக்கும் வீடு என்று மடித்தவுடன் மூன்று உருபுகளும் மறைந்துவிடுகின்றன. தமிழில் அதனால் எந்தக் குறையும் இல்லை. ஆங்கிலம் அப்படி மறைய விடாது. மடித்தாலும் முன்னிடைச்சொல் தன் இடத்தில் நின்றே தீர வேண்டும்: 'தி பென் ஐ ரோட் வித்', 'தி ஆஃபிசர் ஐ ஸ்போக் டு', 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்'.

சோதனை: மடித்த வாக்கியத்தைத் தமிழில் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். பிரிக்கும்போது 'ஐ' உருபு மட்டும் வந்தால் (புத்தகத்தைப் படித்தேன்) பெரும்பாலும் கவலை இல்லை. வேறு எந்த உருபு வந்தாலும் வாக்கியத்தின் கடைசியை ஒரு முறை பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அங்கே ஒரு சிறுசொல் விடுபட்டிருக்கும்.

காரணம் ஆ: உட்கார நாற்காலி, பேச ஆள் என்பன போன்ற தொடர்கள். 'எ சேர் டு சிட்' என்பது போதாது, 'எ சேர் டு சிட் ஆன்' வேண்டும். 'சம்படி டு டாக் டு' என்பதில் இரண்டாவது 'டு' அச்சுப்பிழை போலத் தோன்றினாலும் அது இருந்தாக வேண்டும். செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான்: சிரிக்கப்பட்டார் என்று எண்ணி 'ஹி வாஸ் லாஃப்ட்' என்று நிறுத்தக் கூடாது, 'ஹி வாஸ் லாஃப்ட் அட்' என்று முடிக்க வேண்டும்.

காரணம் இ: முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த பயம். அந்தப் பயத்துக்கு வயது முந்நூற்றைம்பதுக்கு மேல். கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இப்படி முடிவதைக் குறையாகச் சுட்டினார். பிறகு அது பள்ளிக்கூட விதியாகிவிட்டது. ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி எழுதிய எச். டபிள்யூ. ஃபவுலர் 1926லேயே இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார். கண்டிப்பான நடை வேண்டுமென்றால் 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' என்று முன்னால் கொண்டுவரலாம். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்' என்று இரு முனையிலும் எழுதுபவர்களும் உண்டு. முன்னால் போனால் பின்னால் இருப்பதை அழித்துவிட வேண்டும்.

அறிகுறி 5: சிறுசொல் இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது

'டர்ன் ஆஃப் இட்' என்பது தவறு. 'டர்ன் இட் ஆஃப்' சரி. 'லுக் இட் அட்' என்பது தவறு. 'லுக் அட் இட்' சரி. முதல் வகையில் சிறுசொல் வினையின் ஒரு பகுதி. 'இட்', 'தெம்', 'மீ' போன்ற பதிலிப் பெயர்கள் அதற்குள் புகுந்து நிற்கும். முழுப் பெயராக இருந்தால் 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' இரண்டும் செல்லும். அதையே சோதனையாகக் கொள்ளலாம்: முழுப் பெயரை நடுவில் வைத்துப் பாருங்கள், நின்றால் 'இட்' நடுவில்தான் வர வேண்டும், 'லுக் தி ஃபேன் அட்' போல நிற்காவிட்டால் 'இட்' கடைசியில்.

அறிகுறி 6: இலக்கணம் சரி, பொருள் தலைகீழ்

மென்பொருள் சிவப்புக் கோடு போடாது, படிப்பவருக்கும் உறுத்தாது. ஆனால் சேதம் அதிகம். இந்த வகையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுவே.

எளிதானவை முதலில். 'சர்ச் தி பேக்' என்றால் பைக்குள் தேடு. 'சர்ச் ஃபார் தி பேக்' என்றால் பையைத் தேடு. காணாமல் போன பையனைத் தேடினார்கள் என்பதை 'தே சர்ச்ட் தி பாய்' என்று எழுதினால் அவனுடைய சட்டைப்பையைச் சோதித்தார்கள் என்று ஆகிவிடும். 'த்ரோ தி பால் டு ஹிம்' என்றால் பிடிப்பதற்காக எறிவது, 'த்ரோ தி பால் அட் ஹிம்' என்றால் அடிப்பதற்காக எறிவது. ஒருவரோடு கருத்து ஒத்துப்போனால் 'அக்ரீ வித்', ஒரு கோரிக்கைக்குச் சம்மதித்தால் 'அக்ரீ டு'.

அடுத்து 'ரிசல்ட்'. 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்' இரண்டில் ஒன்றை மாற்றி எழுதினால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இரு பகுதிகளுக்கும் நடுவில் 'அதனால்' என்று தமிழில் வைத்துப் பாருங்கள். தாமதம், அதனால் நட்டம் என்று இடமிருந்து வலமாகப் பொருந்தினால் 'இன்'. திருப்பி வைத்தால்தான் பொருந்துகிறது என்றால் 'ஃப்ரம்'.

செலவு மிகுந்தது 'சப்ஸ்டிட்யூட்'. இயந்திரப் பராமரிப்புக் குறிப்பு ஒன்று ஒரு முறை என்னிடம் வந்தது. தமிழில், 68 தர எண்ணெய்க்குப் பதிலாக 46 தர எண்ணெயைப் பயன்படுத்துக என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் தமிழின் வரிசையையே பின்பற்றி 'சப்ஸ்டிட்யூட் 68 ஃபார் 46' என்று எழுதியிருந்தார். அதன் பொருள் நேர்மாறானது: 46 இருந்த இடத்தில் 68ஐ ஊற்று என்பதே. வாக்கியம் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் நானும் முதல் வாசிப்பில் அதைக் கடந்து போய்விட்டேன். இரண்டாம் வாசிப்பில் தமிழ் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அந்த வினையில் 'ஃபார்' என்பதற்கு முன்னால் நிற்பது புதியது, அதற்குப் பின்னால் நிற்பது பழையது. 'வித்' போட்டு எழுதும் வழக்கமும் இப்போது இருப்பதால் எதிரே இருப்பவர் எதை எப்படிப் படிப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று முதல் நான் அந்த வினையையே தொடுவதில்லை. 'ரீப்ளேஸ் 68 வித் 46' என்று எழுதுகிறேன். பழையது முதலில், புதியது பிறகு, தமிழ் வரிசையும் கெடுவதில்லை.

தவறு போலத் தெரிந்து தவறாக இல்லாதவை

'அப்பீல் தி டிசிஷன்', 'ப்ரொடெஸ்ட் தி டிசிஷன்', 'ரைட் மீ' ஆகியவற்றைக் கண்டவுடன் முன்னிடைச்சொல் விடுபட்டது என்று திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். அமெரிக்க வழக்கில் இவை இயல்பானவை. பிரிட்டிஷ் வழக்கில்தான் 'அப்பீல் அகெய்ன்ஸ்ட்', 'ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்', 'ரைட் டு மீ' என்று வரும். ஆவணம் எந்த வழக்கில் தொடங்கியதோ அதிலேயே முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வல்லுநரிடம் கொடுக்க வேண்டும்

கடிதம், மின்னஞ்சல், விண்ணப்பம் எதுவானாலும் மேலே உள்ள சோதனைகளே போதும். ஒப்பந்தம் என்றால் போதாது. 'ப்ரொவைட்' என்றால் வழங்குதல், 'ப்ரொவைட் ஃபார்' என்றால் சட்டமோ ஒப்பந்தமோ ஒன்றுக்கு வகை செய்தல். 'டீல் வித்' என்றால் கையாளுதல், 'டீல் இன்' என்றால் ஒரு சரக்கை வாங்கி விற்றல். இத்தகைய இடத்தில் ஒரு சிறுசொல் யார் பொறுப்பு என்பதையே மாற்றிவிடும் என்பதால், சட்ட வரைவு தெரிந்தவர் பார்க்காமல் கையெழுத்துக்குப் போகக் கூடாது. மருந்தளவு, இயந்திரப் பாதுகாப்பு, வேதிப்பொருள் கலப்பு பற்றிய அறிவுறுத்தல்களில் ஆறாம் அறிகுறியின் சாயல் தெரிந்தாலே அந்தத் துறையைச் சேர்ந்தவரிடம் காட்டிவிடுங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று முறை திருத்தியும் அகராதி இரண்டு வடிவங்களையும் ஏற்கிறது, பொருள் வேறுபாடு மட்டும் பிடிபடவில்லை என்றால், அதுவும் நிறுத்த வேண்டிய இடமே.

கொடுக்கும்போது ஆங்கில வாக்கியத்தை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்ல நினைத்ததைத் தமிழில் ஒரு வரி எழுதி அதன் கீழே ஆங்கிலத்தை வையுங்கள். 'சப்ஸ்டிட்யூட் 68 ஃபார் 46' என்ற வரியை மட்டும் எத்தனை பேரிடம் காட்டினாலும் அதில் பிழை இல்லை என்றே சொல்வார்கள்.